மூன்று பேர் தூக்கிய நாற்காலி

சக்கர நாற்காலிக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஒருவன் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் திண்டைப் பற்றித்தான் சொல்வேன். நாற்காலியோடு வரும் பிரம்புப் பின்னலை நம்பாதே. இலவம்பஞ்சைக் கொட்டை நீக்கி, தடிமனாக ஒரு திண்டு தைத்துப் போட்டுக்கொள். அடிக்கடி வெயிலில் காயவைத்து, தடியால் அடித்து உதறு. ஆட்டுக்குத் தழை போட மறந்தால் ஆடு கத்தும். உன் புட்டத்தில் புண் வந்தால் அது கத்தாது. உணர்ச்சி இல்லாத சதைக்கு வாய் கிடையாது. உன் கண்ணுக்கும் எட்டாத இடம் என்பதால் வேறு யாராவதுதான் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு என் அம்மா பார்த்தாள். மீசை முளைத்த ஆண்பிள்ளை, தாய்க்கு முன்னால் வேட்டியை விலக்கிக்கொண்டு குப்புறக் கிடந்தேன். வெட்கத்தை முதல் மாதமே தொலைத்துவிடுவது நல்லது. வைத்திருந்தால் அதுவும் சீழ் பிடிக்கும்.

இந்த மாதிரி யோசனைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. ஆனால் நான் போய்ச் சேர வேண்டியிருந்த ஒரே ஓர் இடத்துக்கு இவற்றில் ஒன்றுகூட என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

எங்கள் ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் ஒரு சின்ன விவசாய ஊர். நெல்லும் கரும்பும் போட்டிருந்தோம். ஒரு வெட்டுக் காலத்தில் கரும்பு ஏற்றிய வண்டி வாய்க்கால் மேட்டில் குடை சாய்ந்து, பாரம் முழுக்க என் இடுப்பின் மேல் விழுந்தது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தேன். நான் படுத்துக்கிடந்த காலத்தில்தான் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களை அங்கங்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு கிழட்டுத் துரை உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி அப்படித்தான் எங்கள் வார்டுக்கு வந்தது. அங்கே வேலை செய்த கன்னியாஸ்திரீ அதை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, "இது உனக்கு" என்று தன் கொச்சைத் தமிழில் சொன்னார். ஊரெல்லாம் சுதந்திரம் வந்துவிட்டது என்று பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த வாரத்தில் எனக்கு நாற்காலி வந்தது.

அது சிமெண்டுத் தரைக்கும், துரைமார் பூல்வார் என்று சொல்லும் அகலமான பட்டணத்து ரோட்டுக்கும் செய்த நாற்காலி. சக்கரங்கள் மெல்லியவை. எங்கள் தெருவின் புழுதியில் அதைத் தள்ளுவது, ஈரத் துணியில் ஊசியை உருட்டுகிற மாதிரி. உள்ளங்கை இரண்டு நாளில் உரிந்துவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம் இருந்த சைக்கிள் கடையில் பழைய டியூபை வாங்கி, வார் வாராகக் கிழித்து, கையால் தள்ளும் வளையத்தில் நெருக்கமாகச் சுற்றினேன். பிடி கிடைத்தது. அச்சுக்கு மாட்டு வண்டி மசையைப் போடாதே, மண் அப்பிக்கொள்ளும். விளக்கெண்ணெய் போதும். பிரேக்கை நம்பாதே. ஒரு செங்கல்லைக் கூடவே வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடு. வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால் இரும்புக் கைப்பிடி சோற்றுப்பானைபோலச் சுடும், மேலே ஒரு கோணியைப் போட்டு வை. வெளியே கிளம்பும் நாளில் காலையில் கஞ்சி குடிக்காதே. என் அடிவயிறு கொஞ்சம்தான் முன்கூட்டிச் சொல்லும்; சொன்ன பிறகு தாமதம் பொறுக்காது. நாய்கள் முதல் மாதம் முழுக்கக் குரைக்கும். கெட்ட காலம் வந்தால் ஒட்டகத்தின் மேல் ஏறினாலும் நாய் கடிக்கும் என்பார்கள். நான் உட்கார்ந்திருந்ததோ முழங்கால் உயரத்தில்.

இன்னொன்று, மிக முக்கியமானது. சூடான எதையும் மடியில் வைக்காதே. ஒரு முறை அண்ணி வடித்த கஞ்சியைச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். தொடைமேல் வைத்து ஆறவிட்டேன். கஞ்சி ஆறிய பிறகு சொம்பை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்த அண்ணிதான் கத்தினாள். அந்தப் புண் ஆற ஒரு போகம் ஆனது.

இவ்வளவையும் நான் கற்றுக்கொண்டது சும்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்ட முதல் வாரம், நான் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்துக் கிடந்தேன். சாகத்தான் நினைத்தேன், ஒளிப்பானேன். அம்மா சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"உங்கப்பனுக்குப் பெரியவன் கொள்ளி வெச்சான். எனக்கு இன்னும் பாக்கி கீது. கடைசிப் புள்ள நீ இருக்க சொல்ல, நான் யாருகிட்ட போயி கேக்கறது? துண்ணுடா."

எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். நாங்கள் இரண்டே பிள்ளைகள். எனக்குக் கல்யாணம் இல்லை, ஏர் பிடிக்கப் போவதில்லை, வயலில் இறங்கப் போவதில்லை. அந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருந்த வேலை அது ஒன்றுதான். அம்மாவின் நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் போய், அவளுக்குக் கொள்ளி வைப்பது. சாப்பிட்டேன். அந்த வேலைக்காகத்தான் சாப்பிட்டேன்.

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பார்கள். மார்க்கம் இருந்தது. அதன் நடுவில் எங்கள் வீட்டு வாசற்படி இருந்தது.

பழைய வீடு. நிலைக்கட்டை கனத்த பலா மரம். கீழ்ப்படி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைப்பாள். அதில் மகாலட்சுமி இருக்கிறாள். அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, உட்காரக் கூடாது, நின்றபடி தும்மவும் கூடாது. அண்ணன் ஒரு நாள் ஆசாரியைக் கூட்டிவந்தான். நாற்காலி அகலத்துக்குப் படியை அறுத்துவிடலாம் என்று அளவெடுத்தார்கள். அம்மா உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்தாள். ஆசாரி அளவுகோலை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

"சரிம்மா, அறுக்க வாணாம். ரெண்டாண்டையும் பலகை வெச்சி, படிமேலயே ஏத்தி எறக்கிடலாம்," என்றான் அண்ணன்.

"படிமேல காலு வெக்கக் கூடாதுன்னா, சக்கரம் மட்டும் வெக்கலாமா? அவனுக்கு அதுதானேடா காலு?"

என் நாற்காலிச் சக்கரத்தைக் கால் என்று முதலில் ஒப்புக்கொண்டவள் அவள்தான். ஒப்புக்கொண்டதனாலேயே தடுத்தாள்.

தோட்டத்துப் பக்கத்துப் படிக்கு அந்த மரியாதை இல்லை. அதை அண்ணன் ஒரே காலையில் கோடாலியால் கொத்தித் தள்ளிவிட்டான். பலகை போட்டு நானாகவே இறங்கி, ஒதுங்குவதற்குக் கட்டிய தட்டி மறைப்புக்குப் போய்வருவேன். அந்த மட்டில் எனக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். தெருவுக்குப் போக வேண்டும் என்றால் முன்வாசல்தான். முன்வாசல் என்றால் ஆள் தூக்க வேண்டும்.

தூக்குவதற்கும் அம்மாவிடம் சட்டம் இருந்தது. நாலு பேர் தூக்கக் கூடாது. நாலு பேர் தூக்கினால் அது பாடை. முதல் நாள் அண்ணனும் தெருவில் மூன்று பங்காளிகளும் ஆளுக்கொரு மூலையாகக் குனிந்தபோது, அம்மா ஓடிவந்து ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அன்றிலிருந்து மூன்று பேர்தான். அதுவும் பிணம் கால் முன்னால் வாசலைத் தாண்டும் என்பதால், என்னை முதுகு முன்னால்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் தெருவை நோக்கி நான் ஒரு நாளும் வெளியே வந்ததில்லை. வீட்டுக்குள்ளே பார்த்தபடியே வெளியேறுவேன். அடுப்படி, உரல், தூண் எல்லாம் என்னைவிட்டு விலகிப் போகும். கடைசியில் வாசற்படிக்கு அந்தப் பக்கம் அம்மா மட்டும் நின்றுகொண்டிருப்பாள், "பாத்து, பாத்து" என்று.

நாற்காலிக்கு மூலை நாலு. தூக்க மூன்று பேர் என்றால் ஒரு மூலை எப்போதும் தொங்கும். நான் அந்தப் பக்கம் சாயாமல் எதிர்ப் பக்கம் உடம்பைத் தள்ளி, காற்றில் படலைப் பிடிப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். ஒரு ஆடி மாதம் அதுவும் பலிக்கவில்லை. அண்ணனின் பிடி நழுவி, நாற்காலியோடு தெருவில் விழுந்தேன். நெற்றி கிழிந்தது. அது பரவாயில்லை, நெற்றி தானாக ஒட்டும். சக்கரத்தின் கம்பிகள் முறிந்துபோயின. சைக்கிள் கடைக்காரர் அந்தச் சீமைச் சக்கரத்துக்கு நம் ஊர்க் கம்பியை வளைத்துப் பொருத்தினார். அதற்குப் பிறகு சக்கரம் நேராக ஓடவே இல்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், மூக்கணாங்கயிறு அறுந்த மாடுபோல.

அன்று நான் கத்தினேன். "நாலு பேரா தூக்கினா இன்னாம்மா கெட்டுப்பூடும்? ஏற்கெனவே அரைப் பொணம்தானே நான்?"

அவள் என் நெற்றியில் மஞ்சளை அப்பிக்கொண்டே சொன்னாள். "நான் உசுரோட இருக்கற வரிக்கும் என் புள்ளைய நாலு பேரு தூக்க வுட மாட்டேன். வுழுந்தா எடுத்துக்கலாம்."

இதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். எழுந்து நடக்கிறவர்களுக்கு அது எவ்வளவு சுலபமான வார்த்தை!

காலையில் வயலுக்குப் போகும்போது அண்ணனும் இரண்டு பங்காளிகளும் என்னைத் தூக்கித் தெருவில் இறக்கிவிடுவார்கள். அவர்கள் திரும்பும் வரை நான் வெளியேதான். வெயிலோ தூறலோ, வீட்டுக்குள் போக முடியாது. மாட்டை அவிழ்த்து விடுவதும் பிடித்துக் கட்டுவதும் போலத்தான், மாடாவது தானே படியைத் தாண்டும். கொம்யூனில் நான் போக விரும்பிய இடங்களுக்கெல்லாம் படிகள் இருந்தன. மேரி என்கிற கொம்யூன் ஆபீசுக்குப் படி, தபாலாபீசுக்குப் படி, கோயிலுக்குக் கேட்கவே வேண்டாம். படியில்லாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். சுடுகாடு.

அதனால் அங்கே போகப் பழகினேன். தெருக் கோடியிலிருந்து வாய்க்கால் கரை, கரையிலிருந்து வயல் நடுவே ஒரு நடைவரப்பு, வரப்பு முடிந்தால் ஆற்றங்கரை மேடு. மாசி அறுப்பு முடிந்து, மண் இறுகி, பங்குனி வெயிலில் தரை ஓடுபோல் ஆனதும், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனேன். எந்தக் குழியில் சக்கரம் இறங்கும், எந்த இடத்தில் இழுக்கிற சக்கரத்தை எதிர்த்துப் பிடிக்க வேண்டும், எங்கே வரப்பை விட்டுக் காய்ந்த வயலில் இறங்கி ஏறுவது சுலபம் என்று எல்லாம் கைக்கு மனப்பாடம். ஒரு சித்திரையில் யார் துணையும் இல்லாமல் ஆற்றங்கரை வரை போய்விட்டேன். வெட்டியான் என்னைப் பார்த்து எழுந்து நின்றான்.

"சிதையைச் சுத்தி தரை மட்டமா இருக்குமா? மூணு சுத்து சுத்தணும். குடத்த மடியில வெச்சிக்கினு இந்த வண்டி திரும்புமா?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னா சாமி அவசரம்? வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. வழி பாக்க வந்தேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குப் புத்தியும் பிசகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அம்மாவின் காதுக்கும் போனது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "பொண்ணு பாக்கறதுக்கு வழி தேடற வயசுல என் புள்ள என்ன எரிக்க வழி தேடிக்கினு கீறான்," என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அன்று இரண்டு மடங்கு நெய் ஊற்றிச் சோறு போட்டாள். எனக்குத் தெரிந்து, நான் படுத்த பிறகு அவள் என்னால் பெருமைப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

நான் செய்த ஒத்திகை எல்லாம் கோடையில். சாவு மழைக்காலத்திலும் வரும் என்பது விவசாயி வீட்டில் பிறந்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். விதைக்க நாள் பார்க்கத் தெரியும், அறுக்க நாள் பார்க்கத் தெரியும். எரிக்க மட்டும் வெயில் நாள் வாய்க்கும் என்று நான் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை.

சில வருடம் கழித்து, ஒரு ஐப்பசியில் அம்மா காய்ச்சலில் விழுந்தாள். நடக்க முடியவில்லை. என் நாற்காலியில் வைத்து நானே தோட்டத்துப் பக்கம் அவளை அனுப்பினேன், அண்ணி தள்ளினாள். நான் தரையில் கையை ஊன்றி நகர்ந்தேன். ஒரே நாற்காலி, இரண்டு பேர். திரும்பி வரும்போது அம்மா திண்டைத் தடவிப் பார்த்து, "கல்லாட்டம் பூட்டுதே, இத்த காய வெக்கலியா?" என்று அண்ணியிடம் கேட்டாள். இரண்டாவது நாள், முன்வாசலில் கொஞ்சம் காற்றாட உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நாற்காலி வாசற்படியில் முட்டி நின்றது. அவள் குனிந்து அந்தப் படியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மங்கியிருந்தது. பிறகு, "உள்ள தள்ளு," என்று மட்டும் சொன்னாள். வேறு எதுவும் சொல்லியிருந்தால் நான் பொய்யென்று நினைத்திருப்பேன்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாகூர் ஏரி நிரம்பி வழிகிறது என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் இந்தப் பக்கம் வர முடியாது. அம்மா அண்ணனைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே சொன்னாள்: "சின்னவன்தான் வெக்கணும். தூக்கிக்கினாவது போ." அண்ணன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். மறுநாள் விடிந்ததும் அவள் போய்விட்டாள்.

அண்ணன் வார்த்தை தவறவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மொட்டை போட்டார்கள், ஈர வேட்டி கட்டினார்கள். மூன்று பேராக, முதுகு முன்னால், எப்போதும்போலத் தெருவில் இறக்கினார்கள். அந்தச் சோகத்திலும் அண்ணன், "டேய், மூணு பேரு போதும்டா" என்று நாலாவது ஆளை விலக்கியது எனக்குக் கேட்டது. அம்மா உள்ளேதான் கிடந்தாள், இன்னும் எடுக்கவில்லை. பிறகு அவளைப் படியைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு நாலு பேர். கால் முன்னால்.

நெருப்புச் சட்டியை என் மடியில் வைத்தார்கள். அடியில் நனைத்த கோணியை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டேன். என் யோசனையை நானே மறக்கவில்லை. சட்டிக்கு மேல் ஒருவர் குடை பிடித்தார். தெருக் கோடி வரை ஒரு பங்காளி பின்னாலிருந்து தள்ளினான். வாய்க்கால் கரையில் சக்கரம் வழுக்கியது, ஆனாலும் போனோம். பின்னால் பாடை. அதற்கும் பின்னால் பறை, மழையில் தோல் தொய்ந்து தொப்பு தொப்பென்று.

நடைவரப்பின் தலைப்பில் நாற்காலி நின்றது. வரப்பே தெரியவில்லை. இரண்டு பக்கமும் வயல் தண்ணீர், நடுவில் வழுக்கும் களிமண் முதுகு ஒன்று. நான் மனப்பாடம் செய்த குழிகள், மேடுகள், சுற்றுவழி எல்லாம் தண்ணீருக்கடியில் இருந்தன. சக்கரம் அச்சு வரை இறங்கியது. தள்ளினால் இன்னும் இறங்கியது.

என்னைத் தூக்கிப் பழகிய மூன்று பேரில் இரண்டு பேர் பாடைக்குத் தோள் கொடுத்திருந்தார்கள். அண்ணனும் அதில் ஒருவன். தோள் மாற்ற வந்த சிலராலும் அந்த வரப்பில் ஒற்றையாகத்தான் நடக்க முடியும்; பாடையை முன்னும் பின்னுமாக நெருங்கித் தூக்கிப் போகலாம், நாற்காலியை முடியாது. அண்ணன் தன் தோளை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவந்து, என் முன்னால் குந்தினான்.

"முதுகுல ஏறு."

சட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பிடித்துக்கொள்ளக் கால்கள் வேண்டும், அது எனக்கு இல்லை. செத்த கால்கள் இரண்டும் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன. பத்துப் பன்னிரண்டு அடி போயிருப்பான். கால் வழுக்கி, இரண்டு பேரும் வயலில் விழுந்தோம். சட்டியை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். பாதி நெருப்பு தண்ணீரில் விழுந்து சீறி அணைந்தது. மீதி இருந்தது.

பாடை எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டது. தூக்கியவர்களுக்குக் கால் வழுக்கியது. ஊர்ப் பெரியவர் ஒருவர், "பொணத்த வழியில எறக்கக் கூடாதுப்பா. இருக்கற நெருப்பும் பூடும். சீக்கிரம் ஒரு முடிவச் சொல்லுங்க," என்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் சேற்றில் முழங்காலிட்டபடி என்னைத் திரும்பவும் முதுகில் இழுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தான். "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அழுதது மழையில் தெரியவில்லை, குரலில் தெரிந்தது.

நான் சட்டியை அவனிடம் நீட்டினேன்.

"நீ போ."

"டேய், அம்மா சொல்லியிருக்குதுடா."

"நெருப்பு அணைஞ்சா யாருமே வெக்க முடியாது. போ."

அவன் வாங்கிக்கொண்டான். யாரோ இரண்டு பேர் என்னை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் போட்டுவிட்டுப் பாடைக்குப் பின்னால் ஓடினார்கள். அம்மா என்னைத் தாண்டிப் போனாள். வரப்பு அவ்வளவு குறுகல், பாடையின் மூங்கில் என் நாற்காலியின் கைப்பிடியில் உரசிக்கொண்டு போனது.

அந்தக் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆற்றங்கரையில் புகை எழும்ப நேரமாயிற்று. ஈர விறகு. எழுந்த பிறகும் அது மேலே போகவில்லை, வயல்மேல் தாழ்ந்து பரவி, கொஞ்சம் என்னிடம் வந்தது. சிதையைச் சுற்றித் தரை மட்டமாக இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதில்லை. என் உடம்பில் ஒரு வாலிபனின் பலம் எல்லாம் தோளிலும் கையிலும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்ததெல்லாம், வளையத்தைப் பிடித்துத் தள்ளித் தள்ளி, சக்கரத்தை இன்னும் ஆழமாகப் புதைத்ததுதான்.

மடியைப் பார்த்தேன். கோணி எப்போது விலகியதோ, வேட்டியில் உள்ளங்கையளவு கரிந்த ஓட்டை. கீழே தொடையில் தோல் வெந்து, சுருண்டு, வெள்ளையாகக் கிடந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். அம்மாவின் நெருப்பில் என் பங்குக்கு வந்தது அதுதான், அதையும் என்னால் உணர முடியவில்லை.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார்கள். ஆற்றில் முழுகிவிட்டு வந்திருந்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, நாற்காலியின் ஒரு மூலையைப் பிடித்தான். ஒரு பங்காளி இன்னொரு மூலையைப் பிடித்தான். இன்னும் இரண்டு பேர் வந்து மீதி இரண்டு மூலையையும் பிடித்தார்கள். சேற்றிலிருந்து ஒரே மூச்சில் தூக்கித் தோளுக்கு ஏற்றினார்கள். கரை வழியாக, தெரு வழியாக, கால் முன்னால், வீட்டை நோக்கி.

நாற்காலி ஆடவே இல்லை. எந்த மூலையும் தொங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கைப்பிடியைப் பிடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டை அதற்குள் கழுவிவிட்டிருந்தார்கள். வாசற்படியின் மஞ்சளும் போயிருந்தது. என்னைத் தூக்கியவர்கள் அதைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அண்ணி விளக்கோடு ஒதுங்கி நின்றாள். நாலு பேர் என்று யாரும் சொல்லவில்லை. ஓடிவந்து ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துவிட அந்த வீட்டில் இனி ஆள் இல்லை.